கேள்விக்குறிக்குப் பின்னால் இருப்பதை வெட்டினால் பெயர் மறைந்துவிடுமா?

கேட்டவர் ஒரு தனியார் பள்ளி ஆசிரியர். தனியார் பள்ளிகளில் சம்பளம், வேலை நேரம் பற்றிப் புனைபெயரில் இன்ஸ்டாகிராமில் எழுதுகிறார், யூடியூபில் பேசுகிறார். கூகுள் டிரைவிலிருந்து சில பிடிஎஃப்களையும், சம்பள விவரம் திரட்டும் ஒரு கூகுள் படிவத்தையும் பகிர்ந்திருக்கிறார். அண்மையில் சக ஆசிரியர் ஒருவர் "அந்தக் கணக்கு உங்களுடையதுதானே?" என்று கேட்டுவிட்டார். "லிங்க்கில் கேள்விக்குறிக்குப் பின்னால் இருப்பதையெல்லாம் அழித்துவிட்டுப் பகிர்ந்தால் போதும் என்கிறார்கள், உண்மையா? ஏற்கெனவே பகிர்ந்தவற்றை என்ன செய்வது?" என்பது அவர் கேள்வி.

அழியுங்கள், நல்லதுதான். ஆனால் உங்கள் சக ஆசிரியர் உங்களை அந்த வழியில் கண்டுபிடித்திருக்க வாய்ப்பு குறைவு. லிங்க்கின் வாலில் இருக்கும் எழுத்துகள் பெரும்பாலும் அதைத் தயாரித்த நிறுவனத்துக்கு மட்டுமே புரியும். சக ஆசிரியர் கண்ணில் படுவது, லிங்க்கைத் தட்டியதும் திரையில் விரிகிற பக்கம். அந்தப் பக்கத்தில் உங்கள் பெயர், படம், மின்னஞ்சல் முகவரி, பள்ளியின் பெயர் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் வாலை எவ்வளவு ஒட்ட நறுக்கியும் பயனில்லை. ஆகவே யாரிடமிருந்து மறைய விரும்புகிறீர்கள் என்று முதலில் தீர்மானியுங்கள். தளத்தை நடத்தும் நிறுவனத்திடமிருந்தா, லிங்க்கைப் பெறுபவரிடமிருந்தா, உங்களைத் தேடிப் பிடிப்பதையே வேலையாக வைத்துக்கொண்ட ஒருவரிடமிருந்தா? மூன்றுக்கும் செய்ய வேண்டியவை வேறு வேறு. உங்கள் விஷயத்தில் முக்கியமானது இரண்டாவது. மூன்றாவது எப்போது வேண்டுமானாலும் வந்து சேரலாம்.

வாலைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். யூடியூப் செயலியில் 'பகிர்' பொத்தானை அழுத்தினால் வரும் லிங்க்கில், கேள்விக்குறியை அடுத்து 'எஸ்ஐ' என்று தொடங்கும் ஒரு குறியீடு ஒட்டிக்கொண்டு வரும். 2023 முதல் இதைப் பார்க்கிறோம். ஸ்பாட்டிஃபையும் அதே இரண்டு எழுத்துகளைத்தான் வைத்திருக்கிறது. இன்ஸ்டாகிராமில் அது 'ஐஜிஎஸ்ஹெச்'. எக்ஸ் தளத்தில் 'எஸ்', 'டி' என்று இரண்டு வரும். கோயில் வாசலில் செருப்புக்குத் தரும் டோக்கனைப் போன்றவை இவை. கையில் வைத்திருப்பவருக்கு வெறும் எண். கொடுத்தவருக்கு எந்தச் செருப்பு யாருடையது என்று தெரியும். எந்தக் கணக்கு, எந்த நேரத்தில், எந்தப் பதிவைப் பகிர்ந்தது என்ற வரி நிறுவனத்தின் பட்டியலில் ஏறிவிடுகிறது. பிறகு அந்த லிங்க்கை ஒருவர் திறக்கும்போது அவரும் அதே வரியில் சேர்கிறார்.

உங்களுக்கு இதில் இருக்கும் சிக்கல் என்னவென்றால், சொந்தக் கணக்கில் பார்த்த ஒரு காணொளியின் லிங்க்கைக் காப்பி செய்து புனைபெயர்க் கணக்கில் ஒட்டினால், இரண்டு கணக்குகளுக்கும் நடுவே நீங்களே ஒரு கோடு போட்டுக் கொடுக்கிறீர்கள். அந்தக் கோடு வெளியாருக்குத் தெரியாது என்பது ஓரளவுக்குத்தான் சரி. இன்ஸ்டாகிராமில் வாலோடு வந்த லிங்க்கைத் திறப்பவருக்கு, இதை உங்களோடு பகிர்ந்தவர் இன்னார் என்று செயலி சில சமயம் காட்டுகிறது. டிக்டாக் இதில் இன்னும் வெளிப்படை. அதன் தனியுரிமை அமைப்புகளில், உங்கள் கணக்கை யாருக்கெல்லாம் பரிந்துரைக்கலாம் என்ற பட்டியலில், உங்களுக்கு லிங்க் அனுப்புகிறவர்களும் நீங்கள் அனுப்பிய லிங்க்கைத் திறப்பவர்களும் ஒரு தனி வகையாகவே இருக்கிறார்கள். இந்தியாவில் 2020 ஜூன் முதல் டிக்டாக் இல்லை. இலங்கையிலோ மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ இருந்து இதைப் படிப்பவர்கள் அந்த ஒன்றை அணைத்துவிடுவது நல்லது.

கேள்விக்குறிக்குப் பின்னால் எல்லாவற்றையும் வெட்டு என்ற அறிவுரையில் ஒரு பிழையும் இருக்கிறது. யூடியூபின் நீண்ட முகவரியில் காணொளியின் அடையாள எண்ணே கேள்விக்குறிக்குப் பின்னால், 'வி' என்ற எழுத்தை அடுத்துத்தான் வருகிறது. அதையும் வெட்டினால் லிங்க் முகப்புப் பக்கத்துக்குப் போய்விடும். 'வி' இருக்கட்டும், குறிப்பிட்ட நிமிடத்திலிருந்து தொடங்க வேண்டுமானால் 'டி'யும் இருக்கட்டும். மற்றவை போகலாம். அங்கே 'லிஸ்ட்' என்று ஒன்று தென்பட்டால் கட்டாயம் அழியுங்கள். நீங்கள் சொந்தமாகச் சேர்த்துவைத்த பட்டியலுக்குள்ளிருந்து காணொளியைத் திறந்திருந்தால், அந்தப் பட்டியலின் எண்ணும் லிங்க்கோடு போய்விடும். பட்டியல் பொதுவாகவோ 'லிங்க் உள்ளவர்களுக்கு' என்றோ இருந்தால், திறப்பவருக்கு அதன் தலைப்பும் அதை உருவாக்கிய சேனலின் பெயரும் தெரியும். வாலில் இருப்பவற்றில் வெளியாருக்கு நேரடியாகப் பெயரைச் சொல்லிவிடக்கூடியது இது. ஆனால் எல்லோரும் 'எஸ்ஐ'யைத்தான் துரத்துகிறார்கள்.

வால் இல்லாமல், குறியீட்டை நடு உடம்பிலேயே வைத்திருக்கும் லிங்க்குகளும் உண்டு. ரெட்டிட் செயலி தரும் குட்டி லிங்க், ஃபேஸ்புக்கின் 'ஷேர்' என்று தொடங்கும் லிங்க், டிக்டாக்கின் சுருக்க லிங்க் எல்லாம் இந்த வகை. அவற்றில் வெட்டுவதற்கு ஒன்றும் இருக்காது, பார்வைக்குச் சுத்தமாகத் தெரியும். ஆனால் பகிரும் ஒவ்வொருவருக்கும் தனியாக உருவானவை அவை. எந்தக் கணக்கிலும் உள்நுழையாத ஒரு தனி உலாவல் (இன்காக்னிட்டோ) சாளரத்தில் அதைத் திறந்தால் உண்மையான நீண்ட முகவரி மேலே வரும். அங்கே வாலை நறுக்கி, மிச்சத்தைப் பகிருங்கள்.

கையால் வெட்ட அலுப்பாக இருப்பவர்களுக்கு உதவி இருக்கிறது. ஃபயர்பாக்ஸில் 2023 நவம்பரில் வந்த 120ஆம் பதிப்பிலிருந்து, கண்காணிப்புக் குறியீடு இல்லாமல் லிங்க்கைக் காப்பி செய்யும் வசதி வலது கிளிக்கிலேயே உண்டு. பிரேவ் பிரவுசரிலும் அது இருக்கிறது. ஐஃபோனில் ஐஓஎஸ் 17 முதல் மெயில், மெசேஜஸ், சஃபாரியின் தனி உலாவல் ஆகிய மூன்று இடங்களில் சில குறியீடுகள் தாமாகவே நீக்கப்படுகின்றன. கிளியர்யூஆர்எல்ஸ் என்ற நீட்டிப்பையும் பலர் பயன்படுத்துகிறார்கள். இவை எல்லாமே தெரிந்த பெயர்களின் பட்டியலை வைத்து நீக்குபவை. நாளைக்கு ஒரு தளம் பெயரை மாற்றினால், பட்டியல் புதுப்பிக்கப்படும்வரை குறியீடு தப்பிவிடும். கண்ணால் ஒருமுறை பார்ப்பதை எந்தக் கருவியும் மிச்சப்படுத்தித் தராது.

பொத்தானை அழுத்தாமல் பிரவுசரின் முகவரிப் பட்டையிலிருந்து நேரடியாகக் காப்பி செய்வது பொதுவாக மேலானது. அதற்கும் விலக்குகள் உண்டு. கூகுள் தேடல் பக்கத்தின் முகவரியை அப்படியே அனுப்பினால், நீங்கள் கடைசியாகத் தேடிய சொல்லோடு, பரிந்துரையைத் தேர்ந்தெடுக்கும் முன் பாதியில் தட்டச்சு செய்ததும் 'ஓக்யூ' என்ற பகுதியில் போகும். கூகுள் சேவைகளின் முகவரியில் 'ஆத்யூசர்' என்று ஒன்று வரலாம். சில சமயம் அதை அடுத்து உங்கள் மின்னஞ்சல் முகவரி முழுதாக நிற்கும். கூகுள் மேப்பில் வழி கேட்டு அந்த லிங்க்கை அனுப்பினால், புறப்படும் இடமாக நீங்கள் கொடுத்த வீட்டு முகவரியும் அதிலேயே இருக்கும். இவற்றைவிட மோசமானது, மைக்ரோசாஃப்ட்டின் கோப்புச் சேமிப்பிடமான ஒன்டிரைவின் அலுவலகக் கணக்கு. நிறுவனக் கணக்கிலிருந்து பகிரும் லிங்க்கின் தொடக்கத்தில் நிறுவனத்தின் பெயரும், நடுவில் 'பர்சனல்' என்ற சொல்லை அடுத்து உங்கள் அலுவலக மின்னஞ்சலும், புள்ளிக்குப் பதில் அடிக்கோடு போட்டு, எழுதப்பட்டிருக்கும். யாரும் அதைத் திறக்கக்கூட வேண்டாம், வாசித்தாலே போதும்.

இனி மறுமுனை, அதாவது லிங்க்கைத் தட்டியவர் பார்க்கும் பக்கம். உங்கள் விஷயத்தில் நான் முதலில் சந்தேகப்படுவது கூகுள் டிரைவைத்தான்.

'லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம்' என்று வைத்த கோப்புக்கு ஓர் உரிமையாளர் உண்டு. அவர் யார் என்பதைக் கூகுள் மறைப்பதில்லை. தன் கூகுள் கணக்கோடு திறப்பவர், கோப்பின் விவரங்கள் பகுதிக்குப் போனால் உரிமையாளரின் பெயரைப் பார்க்கலாம். பொது லிங்க்கைக் கொடுத்தால் உரிமையாளரின் பெயரையும் மின்னஞ்சலையும் எடுத்துத் தரும் இலவசக் கருவிகளும் புழங்குகின்றன. கூகுள் டாக்ஸில் நீங்களும் அதே நேரத்தில் ஆவணத்தைத் திறந்து வைத்திருந்தால் மேல் மூலையில் உங்கள் படமும் தெரியலாம். பார்க்க வரும் முகம் தெரியாதவர்களுக்கெல்லாம் விலங்குப் பெயர் சூட்டி மறைக்கும் கூகுள், உரிமையாளருக்கு அந்தச் சலுகையைத் தருவதில்லை. 'இணையத்தில் வெளியிடு' என்ற வழியில் வரும் லிங்க் இதைவிடக் குறைவாகக் காட்டும், ஏனென்றால் அது மூல ஆவணத்தின் எண்ணைத் தாங்கி வருவதில்லை. ஆனாலும் சொந்தக் கணக்கிலிருந்து அதையும் செய்யாதீர்கள். உரிமையாளரே புனைபெயர்க் கணக்காக இருப்பதற்கு ஈடாக எதுவும் இல்லை.

படிவத்தைப் பற்றி ஒரு கேள்வி: அதை எந்தக் கணக்கில் உருவாக்கினீர்கள்? பள்ளி கொடுத்த கூகுள் கணக்கில் உருவாக்கியிருந்தால், படிவத்தின் அடியில் இது இந்த நிறுவனத்துக்குள் உருவாக்கப்பட்டது என்று பள்ளியின் பெயரோடு ஒரு வரி இருக்கும். படிவத்தை நிரப்பிய ஒவ்வொருவரும் அதைப் பார்த்திருப்பார்கள். ஒரே பள்ளியில், சம்பளத்தைப் பற்றிப் பேசக்கூடிய ஆசிரியர் யார் என்று ஊகிக்க அதற்குமேல் ஒன்றும் தேவையில்லை.

அந்தப் படிவத்தை நிரப்பியவர்களின் நிலையையும் பாருங்கள். நம்பிச் சம்பளத்தை எழுதியவர்கள் உங்களைவிட வெளிப்பட்டு நிற்கக்கூடும். பதில்களின் தொகுப்பைப் பார்க்கலாம் என்ற அமைப்பு திறந்திருந்தால், ஒருவர் எழுதியதை அடுத்தவர் படிக்கலாம். சம்பளச் சீட்டைப் பதிவேற்றச் சொல்லி ஒரு கேள்வி வைத்திருந்தால், நிரப்புகிறவர் கூகுள் கணக்கில் உள்நுழைந்தே ஆக வேண்டும். அவர் பெயர் கோப்பின் பெயரிலேயே ஒட்டிக்கொண்டு உங்கள் டிரைவுக்கு வந்து சேரும். மின்னஞ்சல் சேகரிப்பை அணைத்துவைத்தும் பெயர் வந்துவிடும் வழி இது. பெயர் வேண்டாம் என்று வாக்குக் கொடுத்த படிவத்தில் கோப்புப் பதிவேற்றம் இருக்கவே கூடாது.

பிடிஎஃப்களுக்கும் ஒரு சொல். வேர்டில் எழுதிப் பிடிஎஃப்பாகச் சேமித்தால், கணினியில் பதிந்த பெயர், எழுதியவர் ('ஆத்தர்') என்ற இடத்தில் போய் உட்காரும். கோப்பின் பண்புகளைத் திறந்தால் எவரும் பார்க்கலாம். வேர்டில் ஆவணத்தைப் பரிசோதித்துத் தனிப்பட்ட விவரங்களை நீக்கும் வசதி இருக்கிறது. அதைச் செய்த பிறகு பிடிஎஃப் ஆக்குங்கள். புகைப்படத்துக்கு இதைவிட அதிகக் கவனம் வேண்டும். டிரைவில் ஏற்றிய மூலப் படத்தில் எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை அப்படியே இருக்கும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது நீங்கிவிடும். ஆவணமாக அனுப்பினால் நீங்காது. 2012 டிசம்பரில், தலைமறைவாக இருந்த ஜான் மெக்காஃபி குவாத்தமாலாவில் இருக்கிறார் என்பது ஒரு பத்திரிகை வெளியிட்ட படத்திலிருந்த இட விவரத்தால்தான் வெளிப்பட்டது. வைரஸ் தடுப்பு மென்பொருளுக்குத் தன் பெயரையே வைத்தவர் அவர்.

மற்ற தளங்களிலும் இதே கதைதான், விரைவாகச் சொல்கிறேன். கூகுள் போட்டோஸ் ஆல்பத்தின் லிங்க்கில் உங்கள் பெயரும் படமும் இருக்கும். கூகுள் மேப்பில் நீங்கள் எழுதிய ஒரு விமர்சனத்தின் வழியாக நீங்கள் எழுதிய எல்லா விமர்சனங்களுக்கும் போகலாம். நான்கு உணவகமும் ஒரு பல் மருத்துவரும் சேர்ந்தால் நீங்கள் குடியிருக்கும் பகுதி தெரிந்துவிடும். ஸ்பாட்டிஃபை பாடல் பட்டியலில் அதை உருவாக்கியவரின் பெயர் இருக்கும். நிரல் எழுதுபவர்கள், நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் ஒவ்வொரு மாற்றத்தோடும் மின்னஞ்சல் முகவரியையும் பதிவுசெய்கிறார்கள். அந்த மாற்றத்தின் முகவரியோடு 'பேட்ச்' என்று சேர்த்தால் அது வெளியே வந்துவிடும். இதைத் தவிர்க்கக் கிட்ஹப்பே ஒரு மாற்று முகவரி தருகிறது.

இந்தியாவில் உள்ளவர்கள் யூபிஐயை மறந்துவிடுகிறார்கள். புனைபெயரில் எழுதிவிட்டு, ஆதரவு தர விரும்புவோருக்கு என்று ஒரு யூபிஐ லிங்க்கையோ க்யூஆர் குறியீட்டையோ போட்டால் அத்தோடு கதை முடிந்தது. பணம் அனுப்பப் போகிறவருக்குப் பெறுபவரின் வங்கிப் பதிவிலுள்ள பெயரையே செயலிகள் காட்ட வேண்டும் என்று, யூபிஐயை நடத்தும் என்பிசிஐ விதித்திருக்கிறது. 2025 ஜூன் இறுதிக்குள் எல்லாச் செயலிகளும் அதற்கு மாற வேண்டும் என்றது. ஏமாற்றுக்காரர்களைத் தடுக்க வந்த நல்ல விதி, உங்களுக்கு எதிராகவும் வேலை செய்யும். பல யூபிஐ அடையாளங்களில் கைபேசி எண்ணும் அப்படியே இருக்கும். பெயர் மறைத்தும் பணம் பெறுவதற்கு எளிய வழி இங்கே கிடையாது.

'லிங்க் தெரிந்தவர்கள் மட்டும் பார்க்கலாம்' என்பதை ரகசியம் என்று எண்ணிக்கொள்பவர்கள் நிறைய. 2016இல் வெளியான ஓர் ஆய்வுக்காக, மார்ட்டின் ஜார்ஜியெவ் என்ற ஆய்வாளரும் கார்னெல் டெக்கைச் சேர்ந்த விட்டாலி ஷ்மாத்திகாவும், ஆறு எழுத்துச் சுருக்க லிங்க்குகளைக் கணினியால் வரிசையாக ஊகித்துத் திறந்து பார்த்தார்கள். மற்றவர்களின் ஒன்டிரைவ் கோப்புகள் திறந்துகொண்டன. அவற்றில் சில, யாரும் எழுதக்கூடிய நிலையில் இருந்தன. கூகுள் மேப்பின் ஐந்து எழுத்துச் சுருக்கங்களிலிருந்து, மக்கள் வீட்டிலிருந்து எந்த மருத்துவமனைக்கு வழி கேட்டார்கள் என்பதுவரை தெரிந்தது. அவர்கள் இதைத் தெரிவித்த பிறகே கூகுள் அந்தச் சுருக்கங்களை 11, 12 எழுத்துகளாக நீட்டியது. 2021 ஜூலையில் யூடியூபும், 2017க்கு முன் ஏற்றப்பட்ட பட்டியலிடாத காணொளிகளைப் பாதுகாப்புக் காரணம் சொல்லித் தனிப்பட்டவையாக மாற்றியது.

ஊகிக்க முடியாத அளவுக்கு நீளமான லிங்க்கும் தேடுபொறியின் கண்ணில் பட்டுவிட்டால் தெருவுக்கு வந்துவிடும். 2020 பிப்ரவரியில் வாட்ஸ்அப் குழுக்களின் அழைப்பு லிங்க்குகள் கூகுள் தேடலில் வந்தன. உள்ளே போனவர்களுக்கு உறுப்பினர்களின் கைபேசி எண்கள் தெரிந்தன. 2025 ஜூலையில் சாட்ஜிபிடி உரையாடல்களுக்கும் அதுவே நடந்தது. பகிரும்போது, தேடலில் காட்டலாம் என்ற சிறு கட்டத்தை டிக் செய்த பலர் அதன் பொருளை உணரவில்லை. அந்தரங்கமான உரையாடல்கள் கூகுளில் கிடைக்கத் தொடங்கியதும் ஓப்பன்ஏஐ அந்த வசதியையே எடுத்துவிட்டது. அந்தப் பக்கங்களில் பகிர்ந்தவரின் பெயர் இல்லை. ஆனால் தன் வேலை, ஊர், குடும்பச் சிக்கல் எல்லாவற்றையும் உரையாடலிலேயே எழுதியவருக்குப் பெயர் இல்லாதது எவ்வளவு உதவியிருக்கும்?

மின்னஞ்சலில் வரும் லிங்க்குகளை யாருக்கும் அனுப்பாதீர்கள் என்பதோடு அந்த வகையை முடித்துக்கொள்கிறேன். செய்திமடல், ஆர்டர் விவரம், சந்தா ரத்து என எல்லாவற்றிலும் உங்களுக்கென்றே ஒரு குறியீடு இருக்கும். சிலவற்றைத் திறந்தால் உங்கள் மின்னஞ்சல் முகவரி அப்படியே திரையில் வரும். சிலவற்றில் கடவுச்சொல் கேட்காமலேயே கணக்குக்குள் விட்டுவிடும். கட்டுரை பிடித்திருந்தால் அதன் தலைப்பைத் தேடி, தளத்திலிருந்து லிங்க்கை எடுங்கள்.

இப்போது உங்கள் சக ஆசிரியருக்கு வருவோம். டிரைவும் படிவமும் சுத்தமாக இருந்தால், அடுத்த சந்தேகம் கைபேசி எண். புனைபெயர்க் கணக்கைச் சொந்த எண்ணில் தொடங்கியிருந்தால், உங்கள் எண்ணைத் தொடர்புப் பட்டியலில் வைத்து அதைச் செயலியோடு இணைத்திருக்கும் எவருக்கும் 'உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம்' என்று அந்தக் கணக்கு பரிந்துரைக்கப்படலாம். அவர் துப்பறிந்திருக்கவே வேண்டாம், செயலியே கொண்டுபோய்க் கொடுத்திருக்கும். அமைப்புகளில் எண்ணின் மூலமும் மின்னஞ்சலின் மூலமும் கண்டுபிடிக்க அனுமதிக்கும் இடங்களை அணையுங்கள், தொடர்புப் பட்டியலை இணைத்திருந்தால் துண்டியுங்கள். அணைத்துவிட்டதாலேயே நிம்மதி அடைந்துவிட முடியாது. ட்விட்டரில் ஓர் எண்ணையோ மின்னஞ்சலையோ கொடுத்தால் அது எந்தக் கணக்கோடு சேர்ந்தது என்று சொல்லிவிடும் குறை 2021இல் நுழைந்தது. அதை வைத்துக் கணக்குகளின் விவரம் திரட்டப்பட்டதை அந்த நிறுவனம் 2022 ஆகஸ்டில் ஒப்புக்கொண்டது. 54 லட்சம் கணக்குகள் என்றன செய்திகள். யூடியூப் சேனலிலிருந்து அதன் பின்னாலுள்ள மின்னஞ்சல் முகவரியைக் கண்டறியும் ஒரு குறையும் 2025 பிப்ரவரியில் வெளியே தெரிந்தது. கூகுள் அதைச் சரிசெய்துவிட்டது. இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது, புனைபெயர்க் கணக்கின் மின்னஞ்சல் முகவரியில் உங்கள் பெயரோ பிறந்த ஆண்டோ இருக்கக் கூடாது என்பது. நாளைக்கு அது வெளியே வந்தாலும் அதிலிருந்து யாரும் உங்களிடம் வந்து சேரக் கூடாது.

அப்படியானால் எப்படி ஒழுங்கு செய்வது? கணினியில் ஒரு தனி பிரவுசரைப் புனைபெயருக்கென்றே ஒதுக்குங்கள். அதில் உங்கள் சொந்தக் கணக்கு எதிலும் ஒருபோதும் உள்நுழையாதீர்கள். புதிய மின்னஞ்சல், அதை வைத்து ஒரு கூகுள் கணக்கு, அதிலேயே டிரைவ், படிவம், சேனல். சொந்தக் கணக்கில் பார்த்த ஒன்றை அங்கே பகிர வேண்டுமானால் லிங்க்கைக் கடத்தாதீர்கள். தலைப்பை நினைவில் வைத்துக்கொண்டு அந்த பிரவுசரில் தேடி எடுங்கள். நான் சொன்ன வால் விவகாரம் முழுவதையும் இந்த ஒரு பழக்கம் தீர்த்துவிடும். கைபேசியில் இரண்டு கணக்குகளையும் ஒரே செயலியில் மாற்றி மாற்றிப் பயன்படுத்துவது வசதிதான். ஆனால் தவறான கணக்கிலிருந்து கருத்திடுவதும் விருப்பக் குறி போடுவதும் அங்கேதான் நடக்கின்றன. எதையும் வெளியிடும் முன், உள்நுழையாத சாளரத்தில் ஒருமுறையும், நம்பகமான நண்பரின் கணக்கில் ஒருமுறையும் திறந்து பாருங்கள். டிரைவ் போன்ற தளங்கள் உள்நுழைந்தவருக்கு அதிகம் காட்டும் என்பதால் இரண்டாவது சோதனையைத் தவிர்க்க வேண்டாம்.

இவ்வளவும் செய்தாலும் நிறுவனத்திடமிருந்து நீங்கள் மறைந்துவிடுவதில்லை. ஒரே வீட்டு இணைப்பிலிருந்து இரண்டு கணக்குகளும் வருவதை அது பார்க்கிறது. சட்டப்படி உத்தரவு வந்தால் தன்னிடம் உள்ள ஐபி முகவரியையும் எண்ணையும் கொடுக்கும். பள்ளியின் உள் ஆவணங்களை வெளியிட்டு வழக்கை எதிர்பார்க்கும் நிலையில் இருந்தால் இந்தப் பதில் போதாது. ஐபி முகவரியை மறைக்கும் டோர் பிரவுசர், பெயர் தெரியாமல் ஆவணங்களைப் பெறச் செய்தி நிறுவனங்கள் வைத்திருக்கும் செக்யூர்டிராப் போன்றவை அதற்கானவை. ஒரு வழக்கறிஞரிடமும் பேசுங்கள். அதேபோல, மூன்று பேர் மட்டுமே இருந்த கூட்டத்தில் நடந்ததை எழுதினால் லிங்க் என்ன, காகிதத்தில் எழுதி ஒட்டினாலும் உங்களைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஏற்கெனவே பகிர்ந்தவற்றுக்கு வருகிறேன். சக ஆசிரியர் கேட்ட மறுநாளே கணக்கை மூடாதீர்கள்; அவருடைய சந்தேகத்துக்கு நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதாகிவிடும். வழக்கம்போல எழுதிக்கொண்டே பின்னணியில் மாற்றுங்கள். டிரைவ் கோப்புகளின் உரிமையைப் புதிய கணக்குக்கு மாற்றுவதில் பயனில்லை, மாற்றிய பிறகும் பழைய கணக்கு திருத்துபவர் பட்டியலில் தங்கிவிடும். கோப்புகளை இறக்கி, பண்புகளைச் சுத்தம் செய்து, புதிய கணக்கில் ஏற்றுங்கள். இன்ஸ்டாகிராம் பதிவின் எழுத்தைத் திருத்த முடியும் என்பதால் பழைய லிங்க்கின் இடத்தில் புதியதை வைத்துவிட்டு, பழைய கோப்பின் பகிர்வை அணையுங்கள். யூடியூபில் விளக்கப் பகுதியையும் அப்படியே திருத்தலாம். வாலோடு போன பழைய லிங்க்குகளைத் திருப்பி அழைக்க வழியில்லை. அவற்றால் இனி வரக்கூடிய தீங்கு சிறியது, விட்டுவிடுங்கள். தேடலில் பழைய பக்கம் இன்னும் தெரிந்தால், காலாவதியான உள்ளடக்கத்தை நீக்கக் கூகுளிடமே கோரலாம்.

படிவத்தை, அது பள்ளிக் கணக்கில் இருந்தால், எல்லாவற்றுக்கும் முன்னால் கவனியுங்கள். பதில் பெறுவதை நிறுத்தி, வந்த பதில்களை உங்கள் சொந்தக் கணினியில் இறக்கிக்கொண்டு, படிவத்தையும் அதோடு இணைந்த விரிதாளையும் நீக்கி, குப்பைத் தொட்டியையும் காலி செய்யுங்கள். அதற்குப் பிறகும் 25 நாட்கள்வரை பள்ளியின் கணக்கு நிர்வாகி அவற்றை மீட்டெடுக்க முடியும். அந்தக் கணக்கில் என்ன இருக்கிறது என்று பார்க்கும் அதிகாரமும் அவரிடம்தான் இருக்கிறது.